ரப்பர் குழாய் எங்கே? வெற்று மேடைத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க்கிலும் லண்டனிலும் அமெரிக்கத் துன்பியல் நாடகங்களை மறுபடி மேடையேற்றும் தயாரிப்பாளர்களுக்கும், கலை இயக்குநர்களுக்கும், அந்த நாடகங்களின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கும்:

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தின் முதல் அங்கம் முடியும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லி லோமன் படுக்கையறையில் இருக்கிறார். சமையலறை இருட்டாகக் கிடக்கிறது. அதன் சுவருக்கு அப்பால் கேஸ் ஹீட்டர் மெல்லச் சிவந்து ஒளிர்கிறது. மூத்த மகன் பிஃப் அதன் பின்னால் கையை விட்டு ஒரு முழ ரப்பர் குழாயை உருவி எடுக்கிறான். தன் உயிரை மாய்த்துக்கொள்ள அப்பா ஒளித்து வைத்த குழாய். அறையிலிருந்து அம்மா லிண்டா தாலாட்டு போல முனகுவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில் அதே குழாய் அப்பாவின் கண்ணெதிரே மேசைமேல் வந்து விழும்.

மேடையில் சமையலறை இல்லை, ஹீட்டர் இல்லை, அறை இல்லை என்றால் பிஃப் எதற்குப் பின்னால் கையை விடுவான்? ஒத்திகை தொடங்கும் முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அதைக் கேட்காமல் மேடையைக் காலி செய்துவிட்டு, குழாயைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்க வைத்து, 'சாரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்' என்று விளம்பரக் குறிப்பு எழுதும் பழக்கத்தை எதிர்த்துத்தான் இந்த மடல்.

பழக்கம் இப்போது நிர்வாக முடிவாகவே ஆகிவிட்டது. முந்நூறு, நானூறு இருக்கைகள் உள்ள அரங்கில் உருவான வெற்று மேடை நாடகத்தை ஆயிரம் பேர் உட்காரும் அரங்குக்கு மாற்றுகிறீர்கள். 'மேடையில்தான் ஒன்றுமில்லையே, புதிதாகப் பொருத்த என்ன இருக்கிறது?' என்ற வாதத்தில், புது அரங்கில் ஒளியையும் ஒலியையும் சரிபார்க்கும் நாட்கள் குறைகின்றன. செட்டுக்கான தொகை முதலில் வெட்டப்படுகிறது. வெட்டிய பணம் தரைக்கோ விளக்குக்கோ ஒலிக்கோ போய்ச் சேருவதில்லை. டிக்கெட் விலை மட்டும் அசையாமல் நிற்கிறது. செட் இல்லாத மேடைக்குத்தான் வேலை கூடுதல் என்பதை உங்களிடம் யாரும் சொல்லவில்லையா, சொல்லியும் காதில் ஏறவில்லையா தெரியவில்லை.

வெற்று மேடையோடு எனக்குச் சண்டை இல்லை. தார்ன்டன் வைல்டர் 1938இல் 'அவர் டவுன்' பிரதியைத் தொடங்கும்போதே திரை வேண்டாம், செட் வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஆர்தர் மில்லர் சேல்ஸ்மேனை எழுதும்போது மனத்தில் வைத்திருந்ததும் மூன்று வெறும் மேடைத் தளங்களும் கொஞ்சம் மரச்சாமான்களும்தான். பிற்பாடு செட் வடிவமைப்பாளர் ஜோ மீல்சீனர் வந்து அந்த வீட்டின் எலும்புக்கூட்டை வரைந்தார். 2014இல் லண்டன் யங் விக் அரங்கில் ஈவோ வான் ஹோவ இயக்கிய, மில்லரின் 'எ வியூ ஃப்ரம் த பிரிட்ஜ்' நாடகத்தில் நடிகர்கள் வெறுங்காலோடு, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஒரு செவ்வகத்துக்குள் நின்றார்கள். மார்க் ஸ்ட்ராங் நடித்த நாயகன் எட்டி கார்போன் அதில் தெரிந்ததுபோல வேறெங்கும் தெளிவாகத் தெரிந்ததில்லை. 2015இல் அது நியூயார்க் பிராட்வேயின் லைசியம் அரங்குக்குப் போனது. 2016இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதும் இயக்கத்துக்கான டோனி விருதும் கிடைத்தன. அந்த வெற்றிதான் உங்களைக் கெடுத்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டது வெறுங்கால், வெறும் தரை, இடைவேளை இல்லாத ஓட்டம், கடைசியில் கொட்டும் சிவப்பு மழை. எடுத்துக்கொள்ளாமல் விட்டதைச் சொல்கிறேன். செட்டையும் ஒளியையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், யான் வெர்ஸ்வைவெல்ட். தரையின் விளிம்பும் வெளிச்சத்தின் விளிம்பும் ஒரே கையில் இருந்தன. செட்டும் ஒளியும் ஒலியும் தொடக்க நாட்களிலிருந்தே ஒத்திகையில் இருக்க வேண்டும் என்பது வான் ஹோவவின் வழக்கம். லைசியத்துக்கு மாறியபோது மேடையின் மேலேயே இரு பக்கமும் இருக்கைகள் போட்டார்கள். அதாவது நாடகத்தை அரங்குக்கு ஏற்ப நீட்டுவதற்குப் பதிலாக அரங்கை நாடகத்துக்கு ஏற்பச் சுருக்கினார்கள். முக்கியமாக, நாற்காலியை விட்டுவிடவில்லை.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். முதல் அங்கத்தின் முடிவில், எட்டியின் வீட்டில் தங்கியிருக்கும் மார்கோ மண்டியிட்டு, ஒரு நாற்காலிக் காலின் அடிநுனியை ஒற்றைக் கையால் பிடித்து, அப்படியே எழுந்து எட்டியின் தலைக்கு மேல் நிறுத்துகிறான். மிரட்டல் முழுவதும் அந்த ஒரு தூக்கலில் இருக்கிறது, வசனத்தில் இல்லை. பொருள் குறைந்த மேடையில் நாற்காலிக்குக் கனம் கூடும். அதனாலேயே அதைத் தேர்ந்தெடுப்பது சில்லறை வேலை இல்லை. முதுகு உயரமாகவும் இருக்கை அகலமாகவும் இருந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்து மணிக்கட்டை முறுக்கிவிடும். கால் வார்னிஷ் போட்டு வழுக்கினால் வியர்த்த கையில் நிற்காது. எடை நான்கு கிலோவைத் தாண்டினால் வாரத்துக்கு எட்டுக் காட்சி தாங்க மாட்டார் நடிகர். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனால் பால்கனியில் இருப்பவருக்கே அது அட்டை என்று தெரிந்துவிடும். நேரான முதுகு, உருண்டையான கால், மெருகு ஏற்றாத மரம். இந்த ஒரு சாமானைத் தேடி முடிக்கவே இரண்டு வாரம் ஆகும். செட் இல்லாத நாடகத்துக்கு மேடைப் பொருட்களைத் தேடித் தரும் ப்ராப்பர்ட்டி ஆள் எதற்கு என்று கேட்கும் நிர்வாகம் இந்தக் காட்சியை வைத்து யோசித்துப் பார்க்கட்டும்.

மறுபடி சேல்ஸ்மேனுக்கு வருகிறேன், ஏனென்றால் வெற்று மேடை அதிகம் சேதப்படுத்துவது இந்த நாடகத்தைத்தான். பிரதியிலேயே ஓர் இலக்கணம் எழுதப்பட்டிருக்கிறது. நிகழ்காலக் காட்சிகளில் நடிகர்கள் கற்பனைச் சுவர்க் கோடுகளை மதிக்க வேண்டும். வீட்டுக்குள் வர இடப்பக்கக் கதவு ஒன்றுதான் வழி. கடந்தகாலக் காட்சிகளில் அதே ஆட்கள் அந்தக் கோட்டைச் சட்டை செய்யாமல் சுவரைத் தாண்டி முன்மேடைக்கு வந்துவிடுவார்கள். வில்லியின் மனம் நழுவுவதைப் பார்வையாளரின் கண்ணுக்குக் காட்டும் கருவி அது. சுவரே இல்லாத மேடையில் சுவரைத் தாண்டுவதற்கு என்ன அர்த்தம்? எல்லோரும் எப்போதும் எல்லா இடத்திலும் நடக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. நிகழ்காலமும் நினைவும் ஒரே குழம்பாகிறது. பிறகு அந்த வேறுபாட்டைக் காட்ட நீலவெளிச்சம் போடுகிறீர்கள், எதிரொலி சேர்க்கிறீர்கள். மில்லர் நாலு அடி நடையில் முடித்த வேலை அது.

1949இல் மொரோஸ்கோ அரங்கில் மீல்சீனர் என்ன செய்தார் என்று பாருங்கள். கூரையைக் கோட்டுருவமாகக் காட்டினார். ஒளி விழும் பக்கத்தைப் பொறுத்துத் தெரியவும் மறையவும் செய்கிற மெல்லிய துணியில் சுற்றுக் கட்டடங்களை வரைந்தார். இலைகளின் நிழலை ஒளியால் விழவைத்து அந்தக் கட்டடங்களைக் கரைத்தார். மாடிக் கட்டிலில் படுத்திருக்கும் பிஃப்பும் தம்பி ஹேப்பியும் சில நிமிடங்களில் பள்ளிப் பையன்களாக முற்றத்தில் ஓடி வர வேண்டும். அதற்காகக் கட்டிலுக்குள் ஒரு லிஃப்ட் வைத்து, போர்வை அசையாமல் அவர்களைக் கீழே இறக்கினார். இதுவும் ஒரு வகையில் குறைத்த மேடைதான், முழு வீடு இல்லை. ஆனால் குறைத்ததற்குப் பின்னால் இயந்திரம் இருந்தது. எலியா கஸான் இயக்கிய அந்தத் தயாரிப்பு 742 காட்சிகள் ஓடியது. 2012இல் இயக்குநர் மைக் நிக்கோல்ஸ் அதே செட்டைத் திரும்பக் கட்டியதற்கு ஏக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அதையே திரும்பக் கட்டச் சொல்லவில்லை. 2022இல் ஹட்சன் அரங்கில் வெண்டெல் பியர்ஸ் நடித்த சேல்ஸ்மேனில் சுவர் கிடையாது. அன்னா ஃப்ளைஷ்லேயின் வடிவமைப்பில் கதவு, ஜன்னல் சட்டங்களும் மரச்சாமான்களும் மேலிருந்து கயிற்றில் தொங்கின, தேவைப்படும்போது இறங்கின. வீடு இருக்கிறது, ஆனால் தரையைத் தொடவில்லை. இப்படி யோசித்தால் போதும். கையில் காசே இல்லையென்றால் தரையில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு போடுங்கள், அல்லது தளத்தைப் பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் குறைந்தது மூன்று முறை நடிகர்கள் அந்தக் கோட்டின் மூலையில் திரும்பி, கதவிருக்கும் இடம் வழியாகவே வந்து போகட்டும். மூன்று முறை மதித்தால்தான் நான்காம் முறை மீறுவது உறைக்கும். இதற்குப் பணம் ஆகாது, ஒத்திகை நாள்தான் ஆகும்.

இனி ஒலி. உங்களுக்கு வரும் புகார்க் கடிதங்களில் 'காதில் விழவில்லை' என்பது எத்தனை என்று எடுத்துப் பாருங்கள். நடிகரின் வாயில் தப்பில்லை. லைசியம் 1903இல் கட்டியது, இன்னொரு பிராட்வே அரங்கான பெலாஸ்கோ 1907இல். அந்தக் காலத்து அரங்குகள் மைக் இல்லாத பேச்சுக்காக, மூன்று பக்கச் சுவரும் சில சமயம் கூரையும் உள்ள பெட்டி செட்டுக்காக எழுந்தவை. நடிகருக்கு இரண்டு மீட்டர் பின்னால் கெட்டியான செட் சுவர் இருந்தால், அவர் குரல் அதில் பட்டு நான்கு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வருகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படியானால் அந்தப் பிரதிபலிப்பு 12 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. காது அதைத் தனி ஒலியாகப் பிரிக்காது, மூலக் குரலோடு சேர்த்து பலமாகக் கேட்கும். செட்டை எடுத்துவிட்டு அரங்கின் செங்கல் சுவர் வரை திறந்துவிட்டால், அந்தச் சுவர் நடிகருக்குப் பத்து மீட்டர் பின்னால் இருக்கும். இப்போது தாமதம் 58 மில்லிசெகண்ட். பேச்சில் 50ஐத் தாண்டினாலே மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழையத் தொடங்கும். டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில் மிசிசிப்பி இழுவையில் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிப் பேசும் பிளான்ஷுக்கு இது மரண அடி.

சுவரை மறைக்கக் கறுப்பு வெல்வெட் தொங்கவிடுவீர்கள். எதிரொலி போகும், குரலும் சேர்ந்து போகும். பாதி துணிக்குள், பாதி மேடைக்கு மேலே இருக்கும் உயரமான கூண்டுக்குள். உடனே கன்னத்தில் ஒட்டும் மைக் வரும். மைக் தவறில்லை. ஆனால் பிளான்ஷின் தங்கை கணவன் ஸ்டான்லி சட்டையைக் கழற்றும் நாடகத்தில் டிரான்ஸ்மிட்டரை எங்கே கட்டுவது, மழை விழும் நாடகத்தில் எப்படிக் காப்பது என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்யாவிட்டால் திறப்பு விழா அன்று கரகரப்புதான் கேட்கும். இன்னொன்று: ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி நடிகரின் வாயிலிருந்து வருவதைவிடப் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் பின்தங்கி வரவேண்டும். முந்தினால் பார்வையாளரின் காது கூரையைப் பார்க்கும், கண் நடிகரைப் பார்க்கும். அந்தத் தாமதத்தைக் கீழ்த்தளம், நடு பால்கனி, மேல் பால்கனி என்று தனித்தனியாக வைக்க முழு நாள் ஒன்று வேண்டும். நீங்கள் மிச்சம் பிடித்த நாள் அதுதான்.

சிறு அரங்கில் தெரியாத இன்னொரு சங்கதி தரை. மேல் பால்கனியில் உட்கார்ந்தவருக்குப் பின்திரை தெரியாது, தரைதான் பின்திரை. கீழே இருப்பவருக்கு 'ஒன்றுமில்லாத மேடை', மேலே இருப்பவருக்கு ஒரு பெரிய சாம்பல் பலகையும் அதன்மேல் நாலு உச்சந்தலைகளும். பளபளப்பான பூச்சு போட்டால் விளக்கெல்லாம் அதில் தெரிந்து மேல்தளத்துக் கண்ணைக் கூசும். மங்கலான பூச்சு போட்டால் ஒவ்வொரு கால்தடமும் நீர்க்கறையும் எழுதி வைத்ததுபோல் தெரியும், காட்சிக்கு முன் தினமும் துடைக்க வேண்டும். உயர்த்திய தளம் உள்ளே கூடாக இருந்தால் கால் வைக்கும்தோறும் மேளம்போல் அதிரும். பதினெட்டு மில்லிமீட்டர் ப்ளைவுட்டை இரண்டு அடுக்காக, இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி அடித்து, அடியில் கனிமப் பஞ்சு அடைத்தால் அடங்கும். இதெல்லாம் 'செட் இல்லை' என்ற தலைப்பின் கீழ் மறைந்துபோகும் செலவுகள்.

வெறுங்காலும் உடைந்த பீங்கானும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது. 'ஸ்ட்ரீட்கார்' எட்டாம் காட்சி, பிளான்ஷின் பிறந்தநாள் விருந்து. தங்கை ஸ்டெல்லா மேசையைத் துடைக்க உதவச் சொன்னதும் ஸ்டான்லி தட்டைத் தரையில் வீசி உடைக்கிறான், கோப்பையையும் சாசரையும் எறிகிறான். 'என் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டேன்' என்கிற திமிர் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. நடிகர்களை வெறுங்காலில் விட்டபின் இயக்குநருக்கு மூன்று வழிதான். மெழுகு அல்லது பிசின் தட்டு: உடையும், ஆனால் பீங்கான் ஓசை வராது, ஓசையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். உண்மைத் தட்டை மேடைக்கு வெளியே எறிவது: அடியில் தொட்டி வைத்துச் சில்லு தெறிக்காமல் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தட்டையே எடுத்துவிடுவது. மூன்றாவதுதான் அடிக்கடி நடக்கிறது. அதன்பின் ஸ்டான்லி கத்துகிறான், அவ்வளவுதான்.

அந்த நாடகத்தில் இன்னொரு பொருளை யாரும் தொடக்கூடாது. நிர்வாண பல்பின் மேல் பிளான்ஷ் மாட்டச் சொல்லும் காகித விளக்குக் கூடு. மூன்றாம் காட்சியில் அவளை விரும்பும் மிச் மாட்டுகிறான், ஒன்பதாம் காட்சியில் அவனே கிழிக்கிறான், கடைசிக் காட்சியில் ஸ்டான்லி அதைப் பிய்த்து அவளிடம் நீட்டுகிறான். ஒரு பெண்ணின் வயதும் மானமும் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. மேலே எல்.இ.டி. வரிசை மட்டும் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சமாளிக்கலாம் என்று நினைக்கும் ஒளியமைப்பாளர் பிரதியைப் படிக்கவில்லை என்று அர்த்தம். 2014இல் யங் விக்கில் பெனடிக்ட் ஆண்ட்ரூஸ் சுவரையெல்லாம் எடுத்துவிட்டு, குளியல் தொட்டி, கட்டில், சமையலறையோடு மொத்த வீட்டையும் சுழலவிட்டார். ரெபெக்கா ஃப்ரெக்னால் 2022இல் லண்டன் அல்மெய்டா அரங்கில் வெறும் உயர்தளத்தில் நடத்தினார், மேலே ஒரு டிரம்மர். இரண்டும் குறைத்த மேடைதான். முதலாவது பொருளை வைத்துக்கொண்டு மறைவிடத்தை எடுத்தது. இரண்டாவது இடத்தை எடுத்துவிட்டு நெருக்கத்தைத் தாளத்தால் ஈடு செய்தது. அல்மெய்டாவில் 325 இருக்கைகள். அந்தக் கணக்கில் வேலை செய்யும் நெருக்கம் எங்கே கொண்டுபோனாலும் தானாக வந்துவிடாது.

'தி கிளாஸ் மெனாஜரி'யைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்னசி வில்லியம்ஸ் பிரதியில் படமும் வாசகமும் விழும் ஒரு திரை கேட்டிருந்தார். 1945 பிராட்வே தயாரிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள், நாடகம் நின்றது. ஆகவே எழுதியதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. 2017இல் பெலாஸ்கோவில் சாம் கோல்ட் மேசை, நாற்காலி, ஒரு அலமாரியோடு அரங்கின் பின்சுவர் வரை திறந்துவிட்டார். திட்டமிட்டதற்கு முன்பே அது முடிவுக்கு வந்தாலும், துணிச்சலான யோசனை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் மின்சாரம் போகும் காட்சியை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். மகன் டாம் கட்டணம் கட்டாததால் இருட்டு, பிறகு மெழுகுவர்த்தி. அதுவரை அரங்கு முழுக்க வெளிச்சமாக வைத்திருந்தால் பார்வையாளரின் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நிமிடங்களில் அவன் அக்கா லாராவின் முகம் கிடைக்காது. முந்தைய காட்சியின் நடுவிலிருந்தே யாரும் கவனிக்காத வேகத்தில் வெளிச்சத்தை இறக்கிக்கொண்டே வரவேண்டும். லாராவின் கண்ணாடிப் பொம்மையான யூனிகார்னின் கொம்பு விஷயம்: மேசையில் இடித்து விழும்போது கொம்பு மட்டும்தான் உடைய வேண்டும், உடல் உடையக்கூடாது. மெழுகால் ஒட்டிய கொம்பு அதற்குப் போதும். உண்மைக் கண்ணாடிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வாரத்துக்கு எட்டு யூனிகார்ன் வாங்குங்கள்.

யூஜீன் ஓ'நீல் விஷயத்தில் நீங்கள் இன்னும் தாராளம். 'டிசையர் அண்டர் தி எல்ம்ஸ்' பிரதியில் வீட்டின்மேல் கவிந்து கிடக்கும் இரண்டு பெரிய எல்ம் மரங்களை அவர் ஒரு பாத்திரமாகவே விவரித்திருக்கிறார். 2009இல் சிகாகோவின் குட்மன் அரங்கிலிருந்து பிராட்வேக்கு வந்த தயாரிப்பில் மரம் இல்லை, பாறைகளும் கயிற்றில் தொங்கும் வீடும் இருந்தன. அது குறைத்தது இல்லை, மாற்றியது. பாறையின் பாரம் மரத்தின் பாரத்துக்கு ஈடாக நின்றதா என்று வாதாடலாம், ஆனால் ஏதோ ஒன்று நின்றது. 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நான்காம் அங்கம் வேறு வகை. கஞ்சத்தனத்துக்குப் பேர்போன தகப்பன் டைரோன் மகனிடம் வீறாப்பாக மேசைக்கு மேலே தொங்கும் மூன்று பல்புகளையும் எரியவிடுகிறார். பேச்சு நீள்கிறது, தன் வாழ்க்கையை எங்கே தொலைத்தார் என்று சொல்லி முடிக்கிறார். பிறகு தள்ளாடிக்கொண்டே எழுந்து, தடவித் தடவி அந்தப் பல்புகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார். ஒரு தகப்பனைப் பற்றி அத்தனை நேரம் சொன்னதெல்லாம் அந்தக் கைநீட்டலில் இருக்கிறது. கிழவருக்கு எட்டும் உயரத்தில் சூடாகாத பல்பு, ஆடாத வயர். தொங்கும் பல்பே இல்லாத மேடையில் அவர் எதை அணைப்பார்? இன்னொன்று, அவர் மனைவி மேரி மாடியில் நடக்கும் காலடியோசை. மாடி இல்லையென்றாலும் அந்த ஒலி தலைக்கு மேலிருந்து வரவேண்டும். முன்மேடை ஸ்பீக்கரிலிருந்து வந்தால் அவள் வாசலில் நடக்கிறாள் என்றுதான் காது நினைக்கும்.

சிவப்பு மழையைப் பற்றி ஒரே பத்தியோடு விடுகிறேன். நீரைச் சூடாக்க வேண்டும், இல்லையென்றால் வெறுங்கால் நடிகர்கள் குளிரில் விறைத்துப்போவார்கள். மறுசுழற்சி செய்தால் வடிகட்டிக் கிருமி நீக்க வேண்டும். சாயம் தோலில் ஒட்டக்கூடாது, உடையில் ஏறக்கூடாது. ஒரு பாத்திரத்துக்கு மூன்று செட் உடையாவது வேண்டும். தரையில் வழுக்காத பூச்சும் கண்ணுக்குத் தெரியாத வடிகாலும் இருக்க வேண்டும். ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காத படிமம் அது. ஐந்தாவது தயாரிப்பிலும் அதே மழை கொட்டினால் பார்வையாளர் எட்டிக்காக அழமாட்டார், லாண்டரிக்காக வருத்தப்படுவார்.

இடைவேளையை எடுப்பதும் இப்போது வெற்று மேடையின் ஒரு பாகம்போல் ஆகிவிட்டது. 'எ வியூ ஃப்ரம் த பிரிட்ஜ்' நாடகத்துக்கு அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. மில்லர் 1955இல் அதை ஓரங்க நாடகமாகத்தான் எழுதினார், 1956இல் லண்டனுக்காக இரண்டு அங்கமாக்கினார். ஒரே மூச்சில் ஓடுவது அதன் பிறவிக் குணம். சேல்ஸ்மேனில் குழாய் கையில் வந்த இடத்தில் திரை விழுவதும், இருபது நிமிடம் அந்தக் குழாயோடு பார்வையாளர் காபி வாங்க நிற்பதும் நாடகத்தின் பகுதி. எல்லாவற்றுக்கும் ஒரே கத்தரிக்கோல் வேண்டாம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு மில்லரும் வில்லியம்ஸும் பாடப்புத்தகத்தில் அறிமுகமானவர்கள். மேடையில் இவற்றைப் பார்க்க எங்களில் பலருக்குக் கிடைத்த ஒரே வழி திரையரங்க ஒளிபரப்பு. கேமரா முகத்தருகே போகிறது, மைக் மூச்சைப் பிடிக்கிறது, வெற்று மேடை அற்புதமாகத் தெரிகிறது. மேல் பால்கனி அதில் இல்லை. உங்கள் பதிவைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற குழுக்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவர்கள் செட்டை எடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள், தரைக்கு அடியில் பஞ்சு அடைத்ததைக் கற்றுக்கொள்வதில்லை.

உரிமைதாரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1984இல் நியூயார்க்கின் வூஸ்டர் நாடகக் குழு மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தின் பகுதிகளைத் தன் தயாரிப்பில் பயன்படுத்தியபோது மில்லர் சட்ட நடவடிக்கை எடுப்பேன் என்றார், அது நிறுத்தப்பட்டது. அந்த அளவு கடுமை இன்று யாருக்கும் வேண்டாம். ஆனால் வசனத்தில் ஒரு வரி மாற்றினால் கடிதம் அனுப்புகிற நீங்கள், கதையை நகர்த்தும் பொருளை எடுத்தால் மௌனமாக இருப்பது ஏன்? மேடைக் குறிப்பும் பிரதிதானே.

என் கோரிக்கைகள் இவை. ஒத்திகை தொடங்கும் முன் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு பொருள் பட்டியல் தயாரியுங்கள். குழாய், லிண்டாவின் கிழிந்த காலுறை, காகிதக் கூடு, யூனிகார்ன், நாற்காலி, தொங்கும் பல்பு என்று கதை எவற்றின்மேல் ஏறி நகர்கிறதோ அவை மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இருக்கிறது', 'இதற்குப் பதில் இது இருக்கிறது' என்று இரண்டில் ஒன்றை எழுதுங்கள். மூன்றாவது பதில் கூடாது. உரிமைதாரர்கள் அனுமதி கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், வசன மாற்றத்தைப் பார்ப்பதுபோலவே பாருங்கள்.

உண்மைத் தரையின் அளவில் ஒரு மாதிரித் தரையும், நாலு விளக்கும், வேண்டிய பல்பும் ஒத்திகைக் கூடத்தில் முதல் வாரமே இருக்கட்டும். செட்டில் மிச்சமான தொகையில் பாதியாவது ஒலிக்கும் தரைக்கும் போகிறது என்று வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். அரங்கு மாறும்போது சரிபார்ப்பு நாட்களைக் குறைக்காதீர்கள். புது அரங்கில் ஒரு முழு நாளை ஒலித் தாமதத்துக்கும், இன்னொரு நாளை மேல் பால்கனியில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். அந்த இரண்டாம் நாளில் இயக்குநர் கீழ்த்தளத்துக்கு இறங்கவே கூடாது.

டிக்கெட் விற்கும் பக்கத்தில் நான்கு தகவல்கள் தெளிவாக இருக்கட்டும்: இடைவேளை உண்டா, மொத்தம் எத்தனை நிமிடம், குரல் மைக் வழியாக வருகிறதா, எந்த இருக்கைகளிலிருந்து மேடையின் எந்தப் பகுதி தெரியாது. தெரியாத இருக்கைக்கு விலையைக் குறையுங்கள்.

கடைசியாக, அடுத்த சேல்ஸ்மேனின் முதல் ஒத்திகையில் வசனம் வாசிக்கும் முன் பிஃப்பாக நடிப்பவரின் கையில் ஒரு முழ ரப்பர் குழாயைக் கொடுத்து, அதை எங்கே ஒளித்து வைப்பது என்று எல்லோருமாகத் தேடுங்கள். ஒளிக்க இடம் கிடைத்தபின் மேடையில் மற்றதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்.